மீன் வேகும் இருபத்தைந்து நிமிஷம்

1

அடுப்பின் கதவை இப்போதுதான் மூடினேன். இனி இருபத்தைந்து நிமிஷத்துக்கு அதைத் திறக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் கை தானாகக் கதவுப்பிடிக்குப் போய்விடும் என்பதால் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் மீன். அந்த இரண்டு நாளும் கிடைக்கிற இருபத்தைந்து நிமிஷங்களைச் சேர்த்து இதை எழுதி முடிப்பதாக எண்ணம். எங்காவது பாதியில் நின்றுவிட்டு வேறு இடத்தில் தொடங்கினால், மீன் வெந்துவிட்டது, இறக்கப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் என்ற ஊரில் குடியிருக்கிறோம். யுத்தம் முடிந்து கப்பல் கிடைத்ததும் வந்தவர்கள். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு தோல் பதனிடும் ஆலையின் சோதனைச்சாலையில் வேலை செய்கிறார். அரூர்ப் பக்கத்துக் காடுகளில் ஆவாரம்பட்டை உரித்து வண்டி வண்டியாக அனுப்புகிறார்களே, அந்தப் பட்டையில் என்ன இருக்கிறது என்று கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்க்கிற உத்தியோகம். "இதுக்கு ஏழு கடல் தாண்டணுமா? வூட்டுக்குப் பின்னாடியே அந்தச் செடி மொளைச்சுக் கெடக்குது" என்று என் தகப்பனார் கேட்டார். இருந்தும் கப்பல் ஏறி வந்துவிட்டோம்.

எங்களுக்கு ஒரே பெண். பெயர் சரோஜா. வரும்போது நாலு வயது. இப்போது எட்டு. பள்ளிக்கூடத்தில் அவளை ரோஸ் என்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

இன்று காலை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எடை பார்க்கிறார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை சரோஜாவின் முறை என்று இரண்டு வரி. வேறொன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. போன வருஷம் இதே அட்டைக்குப் பிறகு வந்த இன்னொரு கடிதம்தான் காரணம். உங்கள் பெண் இருக்க வேண்டிய எடைக்கு ஆறு பவுண்டு குறைவாக இருக்கிறாள். இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் கடலோரத்தில் நோஞ்சான் பிள்ளைகளுக்கென்று இருக்கிற விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பெற்றோர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை. அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சேலத்தில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவள். இங்கிலீஷ் நன்றாகவே வரும். இருந்தும், படிக்கப் படிக்க வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்காதா என்று பார்த்தேன்.

நேரம் ஆகிவிட்டது.

2

நம் பக்கத்தில் மீன் என்றால் ஏரி மீன்தான். கடத்தூர்க்காரி நான், கடல் மீனைக் கருவாடாகச் சந்தையில் பார்த்ததோடு சரி. கோடை முற்றி ஏரி வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிப்பார்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் மீன் குழம்பும் ராகிக் களியும். அந்த மணத்தைப் பற்றி எழுத இந்தக் குறிப்பைத் தொடங்கவில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது, அதைப் பரிமாறுகிற விதம்.

களியை ஆற விட்டால் கல். அதனால் சட்டியிலிருந்து எடுத்து உருட்டி, ஒவ்வொருத்தர் தட்டிலும் சூடாகப் போட வேண்டும். போடுகிறவள் உட்கார முடியாது. என் ஆத்தா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் சித்தப்பாக்களும் தின்று எழுந்ததும் நாங்கள் பிள்ளைகள். எங்களுக்குப் பிறகு அவள். "நீ தின்னலையா ஆத்தா?" என்று யாராவது கேட்டால், "நான் அப்பறம் தின்னுக்கறேன், நீங்க தின்னுங்க" என்பாள். கேட்டது நானாக இருந்ததில்லை. யாராவது விருந்தாளிதான் கேட்பார்கள். நமக்கு அது கேட்கிற விஷயமாகத் தோன்றியதே இல்லை.

விரால் மீனின் தலைக்கு மட்டும் எங்கள் வீட்டில் சண்டை. சித்தப்பா கேட்பார், அண்ணன் கேட்பான். அதனால் ஆத்தா ஒரு தலையைச் சட்டியின் அடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள். எல்லாரும் போனபின் அடுப்பங்கரையில் குந்தி, அதை மட்டும் நிதானமாக, கன்னத்துச் சதை முதல் கண் வரைக்கும் ஒன்றும் விடாமல் தின்பாள். மீனில் தலைதான் ராஜா. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு. ஆனால் இந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அதுதான் கதை.

3

இங்கே இறைச்சிக்கு ரேஷன், வெண்ணெய்க்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன். அரிசி கண்ணிலேயே படுவதில்லை. ரேஷன் புத்தகம் வாங்கப் போன முதல் நாளே ஒரு வேடிக்கை. அவர் பெயர், என் பெயர், சரோஜா பெயர் மூன்றிலும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருந்தது கண்டு அந்த ஆபீஸ் குமாஸ்தா, "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மீனுக்கு மட்டும் ரேஷன் கிடையாது. வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை வரிசை தெருமுனை வரை நீளும். அன்றைக்கு இவர்களுக்கு மீன் நாள். நமக்கோ வெள்ளிக்கிழமை மீன் ஆகாது. எனவே புதனும் சனியும் நான் போவேன். ஆளே இருக்காது. நல்ல துண்டாகக் கிடைக்கும். நம் பழக்கத்தால் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மீன் கடைக்காரர் பெரிய உடம்பும் சிவந்த கையும் உள்ளவர். முதல் தடவை அவர் ஹேடக் என்கிற மீனை எடுத்து, ஒரே வெட்டில் தலையைத் துண்டித்துக் கூடையில் எறிந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்தத் தலை எனக்கு வேண்டும்" என்றேன்.

"பூனைக்கா?" என்றார்.

வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். இல்லை, எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாம், பூனைக்கு" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் தலையைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். "பூனை எப்படி இருக்கிறது?" என்பார். நன்றாக இருக்கிறது என்பேன். ஒருநாள் பூனைக்கு என்ன பெயர் என்று கேட்டார். வாயில் வந்தது ராமாயி. அன்றிலிருந்து ராமாயியின் சௌக்கியத்தையும் விசாரிக்கத் தொடங்கினார்.

அப்போதெல்லாம் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். எங்கள் வீட்டில் பூனை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டாள். குழந்தை விவரமானவள், மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

4

கடிதம் வந்த பிறகு நான் செய்த முதல் காரியம், சரோஜாவின் தட்டைக் கவனித்தது. பள்ளி எதிர்த்தெருவிலேயே இருப்பதால் மத்தியானமும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாள். ஆக, மூன்று வேளையும் என் பொறுப்பு. மூன்று வேளையும் அவள் பாதி தின்றுவிட்டு, பாதியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, "போதும்மா" என்று எழுந்துவிடுவாள். நான் கெஞ்சுவேன், உருட்டி ஊட்டப் பார்ப்பேன். வாயை இறுக மூடிக்கொள்வாள். குழந்தை எச்சிலை எறிவானேன் என்று மீதியை நான் தின்றுவிடுவேன். நம் வீடுகளில் எந்தத் தாய்தான் அப்படிச் செய்வதில்லை?

கீழ் வீட்டில் மிஸஸ் ஹாலிஸ் என்று ஒரு அம்மாள். யுத்தத்தில் வீட்டுக்காரரை இழந்தவர். சரோஜாவுக்கு அங்கே போவதென்றால் ஆசை. ஒருநாள் மாடிப்படியில் அவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "நேற்று என்னோடு சாப்பிட்டாளே ரோஸ், இரண்டு தடவை வாங்கித் தின்றாள். தட்டைத் துடைத்து வைத்துவிட்டாள்."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் முள் ஏறியது. என் வீட்டில் பாதி, அவர் வீட்டில் இரண்டு தட்டா? "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. மீன், உருளைக்கிழங்கு. அடுப்புக்குள் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான்."

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளுக்கு நம்ம சாப்பாடு புடிக்கலைங்க. நம்ம கையே புடிக்கலை போல இருக்குது."

"அப்படியெல்லாம் இருக்காது, புள்ள."

"கீழ் வூட்டுல ரெண்டு தட்டு தின்னுருக்கறா."

 "அப்படின்னா நீயும் அந்த மாதிரியே செஞ்சு பாரேன். மீன் அதே மீன்தானே? கடக்காரன் ஒருத்தன்தானே?"

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு கேஸ் அடுப்பு இருக்கிறது. மேலே நாலு எரிமுகம், கீழே இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அறை. வந்ததிலிருந்து அந்த அறையில் நான் வாணலிகளை அடுக்கி வைத்திருந்தேன். மறுநாள் அவற்றை வெளியே எடுத்தேன்.

5

முதல் தடவை கெட்டது, கெட்டது என்று சொல்லவும் முடியாதபடி கெட்டது.

மிஸஸ் ஹாலிஸ் பாலை ஊற்றி வேக வைக்கச் சொன்னார். ஊற்றினேன். ஆனால் மீனைப் புளி இல்லாமல் அடுப்பில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய அரூர்ப் புளி கொஞ்சம் இருந்தது. (அந்தப் பார்சலைச் சுங்க ஆபீஸில் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கறுப்புப் பொருள் என்ன, எதற்குப் பயன்படும் என்று எழுதிக் கேட்டார்கள். சமையலுக்கும் பித்தளை துலக்கவும் என்று உண்மையாகவே பதில் எழுதினேன். பித்தளை துலக்குகிற பொருளை எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டாவது கடிதம் வந்தது. நாலு கடிதத்துக்குப் பிறகு புளி வந்து சேர்ந்தது.) அந்தப் புளியைக் கரைத்து மீனில் தடவினேன். பாலும் புளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பத்து வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. திரிந்து வெள்ளைத் திட்டுத் திட்டாக நின்றது.

அதோடு இன்னொன்று. கதவை மூடி வைத்துச் சமைப்பது எனக்குப் பழக்கமில்லை. அடுப்பென்றால் பக்கத்தில் குந்தி, விறகைத் தள்ளி, ஊதி, கிளறி, ஒரு துளி கையில் விட்டு ருசி பார்த்து. இந்தப் பெட்டிக்குள் மீன் என்ன செய்கிறது என்று யார் கண்டது? ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்தேன். திறக்கும்போதெல்லாம் சூடு முகத்தில் அடித்துவிட்டு வெளியே போயிற்று. முக்கால் மணி ஆகியும் உருளைக்கிழங்கு பச்சையாகவே இருந்தது.

"தொறந்து தொறந்து பாத்தீன்னா மீனுக்கே வெக்கமா இருக்காதா?" என்றார் அவர், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

"உள்ள தீ எரியுதா இல்லையான்னே தெரியலைங்க."

"எரியும். நீ நம்பு."

நம்புவதா? இரவில் சரோஜா மூச்சு விடுகிறாளா என்று எழுந்து பார்க்கிற வழக்கம் எனக்கு அப்போதும் இருந்தது. அப்படி இருக்கிறவளிடம் ஒரு இரும்புப் பெட்டியை நம்பு என்றால்?

அடுத்த வாரம் மிஸஸ் ஹாலிஸ் மேலே வந்து, கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷம் வைத்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கதவுக்கு முன்னால் தாம் நின்றுகொண்டார். "என்னைத் தாண்டித்தான் நீ திறக்க வேண்டும்" என்றார். அன்று மீன் பூப்போல வெந்திருந்தது.

செய்முறை இவ்வளவுதான். கேட்டு எழுதிய கடத்தூர் சிநேகிதிகளுக்காக எழுதுகிறேன். உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாக அரிந்து அரைவேக்காடு வேகவைத்து, எனாமல் தட்டத்தின் அடியில் பரப்ப வேண்டும். மேலே வெங்காயம். மீனில் உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், நீர்த்த புளிக்கரைசல் தடவி அதன்மேல் அடுக்க வேண்டும். பால் வேண்டாம். எண்ணெய் நாலு சொட்டு; இங்கே எண்ணெய் மருந்துக் கடையில் காது வலிக்கென்று சின்னப் புட்டியில்தான் கிடைக்கிறது, அது போதும். மார்ஜரீன் என்கிற செயற்கை வெண்ணெய் சுற்றி வந்த காகிதத்தை மேலே மூடி, நன்றாகக் காய்ந்த அடுப்புக்குள் வைத்து, அடுப்பின் திருகை ஐந்தாம் எண்ணில் திருப்பி, கதவைச் சாத்த வேண்டும். பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டமான பகுதி.

அந்தப் பூப்போல வெந்த மீனைச் சரோஜாவின் தட்டில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தேன். ருசித்துத் தின்றாள். முகம் மலர்ந்தது. சரியாகப் பாதியில் நிறுத்தி, ஓரமாக ஒதுக்கினாள்.

"போதும்மா."

மிஸஸ் ஹாலிஸ் செய்த அதே மீன். என் கைதான் வேறு. அன்று நான் கொஞ்சம் அழுதேன்.

6

இரண்டு மாதத் தவணையில் ஐந்து வாரம் போனபோது, ஒரு புதன்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மிஸ் கார்வர் என்ற சுகாதார நர்ஸ். கறுப்புத் தொப்பி, தோல் பை, பைக்குள் படிவம். பிள்ளை வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று நேரில் பார்க்க வந்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டு வருகிற வழக்கம் இல்லையாம்.

மீன் அடுப்புக்குள் இருந்தது. இன்னும் பதினைந்து நிமிஷம். அடுப்புக் கதவைத் திறந்து பார்த்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. திறக்கவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

"நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மிஸ் கார்வர் ஒரு மூலையில் உட்கார்ந்து படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். நாங்களும் அவர் இல்லை என்று நினைத்துக்கொள்ள முயன்றோம். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தைக்கு முன்னால் இங்கிலீஷில், "மீன் வாசனை நன்றாயிருக்கிறது" என்றார். சரோஜா கையை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைபோல இருந்தாள்.

தட்டத்தை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தேன். அவருக்கு ஒரு பங்கு, சரோஜாவுக்கு ஒரு பங்கு வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

மிஸ் கார்வர் கேட்டார்: "உங்கள் தட்டு எங்கே?"

"நான் பிறகு சாப்பிடுவேன்."

"எப்போதும் அப்படித்தானா?"

"எப்போதும்."

அவர் குனிந்து படிவத்தில் ஏதோ எழுதினார். ஒரு வார்த்தையா, இரண்டு வார்த்தையா? இந்த வீட்டில் தாய்க்குச் சாப்பாடு போதவில்லை என்று எழுதிவிட்டாரோ? அப்படி எழுதினால் கடலோர விடுதிக்கு இரண்டு மாதம்கூடக் காத்திருக்கமாட்டார்களே! எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அலமாரியிலிருந்து மூன்றாவது தட்டை எடுத்தேன். நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு துண்டு மீன், நாலு வட்டம் கிழங்கு வைத்துக்கொண்டு, அவர் பார்க்கும்படி ஒரு வாய் தின்றேன். அறிவினால் உட்காரவில்லை, அவருடைய பேனாவுக்குப் பயந்து உட்கார்ந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சரோஜா என் தட்டையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு முள்கரண்டியை எடுத்தாள். மீன் முழுவதும், கிழங்கு முழுவதும், தட்டில் ஒட்டிய வெங்காயம் வரைக்கும் தின்றாள். ஓரத்தில் ஒன்றையும் ஒதுக்கவில்லை. தட்டத்தில் இருந்த மீதியைக் காட்டி மெதுவாகத் தமிழில் கேட்டாள்:

"அம்மா, நீதான் இப்பத் தின்னுட்டியே. அதையும் நான் தின்னுக்கட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. "உன்னை யாரு கண்ணு வேணாம்னது?"

"எப்பவும் உனக்கு இருக்காதே. நீ அப்பறம் பூனைக்குன்னு வாங்கற தலையத்தானே தின்னுவே. அதுக்காவத்தான் நான் பாதி வெப்பேன்."

அவர் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. 

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. மீன் கடையில், பூனைக்கு என்று வாங்குகிறேன். வீட்டில் பூனை இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் சமையலறையில் நின்றுகொண்டு அந்தத் தலையை நான் தின்பதை அவள் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் ரேஷன், தட்டுப்பாடு, பகிர்ந்துகொள் என்று சொல்கிற ஊர். அம்மாவுக்குப் பங்கு வரவில்லை, அதனால் கடைக்காரர் எறிகிற பூனைச் சாப்பாட்டை அம்மா தின்கிறாள் என்று ஏழு வயதுக் கணக்குப் போட்டிருக்கிறாள். தன் பங்கில் பாதியை எனக்கு விட்டிருக்கிறாள். நானும் ஒவ்வொரு வேளையும் அவள் ஒதுக்கியதைத் தின்று, அவள் கணக்கு சரி என்று காட்டியிருக்கிறேன். மிஸஸ் ஹாலிஸ் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து தின்றார். அங்கே மிச்சம் வைக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

"குழந்தை என்ன சொன்னாள்?" என்று மிஸ் கார்வர் கேட்டார்.

இங்கேதான் நான் ஒரு நிமிஷம் தடுமாறினேன். மீன் நன்றாக இருக்கிறதென்று சொன்னாள் என்று சொல்லிவிடலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் அது படிவத்தில் எப்படி விழும்? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "சொல்லீரு புள்ள" என்றார், தரையைப் பார்த்தபடி.

பூனை முதல் ராமாயி வரை எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் மீன் தலைக்குச் சண்டை போடுவார்கள் என்றும், தாய்மார் கடைசியில் சாப்பிடுவது பஞ்சத்தால் அல்ல, களி ஆறிவிடும் என்பதால் என்றும், இங்கே களியும் இல்லை, அடுப்புக்குள் வெந்தது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மேஜைக்கு வந்துவிடுகிறது, ஆனாலும் நின்றே பழகிவிட்டேன் என்றும் சொன்னேன்.  மிஸ் கார்வர் படிவத்தின் மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினார்.

"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை" என்றார். பேனாவை மூடினார். "நாலு வாரம் கழித்து எடை பார்ப்போம். அதுவரை உட்கார்ந்து சாப்பிடுங்கள். இது உத்தரவு."

7

முந்தாநாள் வியாழக்கிழமை. இந்த வருஷத்து எடை பார்க்கும் நாள். அதைச் சொல்வதற்கு முன் போன வருஷத்து எடையைச் சொல்லிவிடுகிறேன். நாலு வாரத்தில் மூன்று பவுண்டு ஏறியிருந்தாள். விடுதிப் பேச்சை அவர்களே எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன். "எந்த விடுதி?" என்றார் மிஸ் கார்வர். அவர் நிஜமாகவே மறந்திருந்தார் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படி இருக்காது என்றும் நினைத்தேன். இன்னும் தீர்மானம் செய்யவில்லை.

மீன் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததாக எழுத ஆசைதான். வரவில்லை. சரோஜாதான் சொன்னாள். அவர் வழக்கம்போல, "ராமாயி எப்படி?" என்று கேட்டபோது, கடை முழுக்கக் கேட்கும்படி, "எங்கள் வீட்டில் பூனை இல்லை. தலையைத் தின்கிறது எங்கள் அம்மா. எங்கள் ஊரில் அதுதான் ராஜா" என்றாள் இங்கிலீஷில். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, மனிதர்களுக்குக் கொடுக்கிற வெள்ளைக் காகிதத்தில் அதைச் சுற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளைக் காகிதம்தான்.

இப்போது தலையும் அந்தத் தட்டத்திலேயே மற்ற துண்டுகளோடு வேகிறது. மேஜைக்கு வருகிறது. கன்னத்துச் சதை யாருக்கு என்று அவருக்கும் சரோஜாவுக்கும் தகராறு. நான் அடியில் ஒளித்து வைக்க இடமில்லை.

இந்தப் பெண் என்னிடமிருந்து விலகிப் போகிறாள், ரோஸ் ஆகிவிட்டாள் என்று எத்தனை மாதம் கவலைப்பட்டிருக்கிறேன்! இப்போதும் அந்தக் கவலை முழுக்கப் போய்விடவில்லை. தமிழ் எழுத்தில் இன்னும் பாதிதான் தெரியும். ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஓடி ஒளிகிறாள். நான் சரியாக வளர்க்கிறேனா, அவசரப்பட்டு இவ்வளவு தூரம் அழைத்து வந்துவிட்டோமா என்று எதையாவது தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவள் நம்மை விட்டுப் போகிறாள் என்று மட்டும் இனிமேல் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கை நான் ஒருமுறை தப்பாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆத்தாவுக்கு இதையெல்லாம் எழுதி, "நீ எப்பத் தின்னுவே?" என்று கேட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். தம்பி அவள் சொல்லச் சொல்ல எழுதிய பதில் போன வாரம் வந்தது. "மீனப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிப்புட்டு இவ ஒக்காந்து கதை எழுதறாளாமா. எனக்கென்ன, நான் அப்பறம் தின்னுக்குவேன்னு எழுது" என்று இருந்தது. அதற்குக் கீழே, தம்பியே எழுதியது: இதைச் சொல்லிவிட்டு, நான் எழுதியதை ஆத்தா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாளாம்.

வியாழக்கிழமை எடை சரியாக இருந்தது. வயதுக்கு ஏற்ற எடை என்று அட்டையில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதை ரேஷன் புத்தகங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. கதவைத் திறக்கவில்லை. வெங்காயம் சிவக்கிற மணம் வருகிறது, அதனால் உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நம்புகிறேன். அவர் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சரோஜா மேஜையில் தட்டு வைக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. வைத்தபின் விரலால் தொட்டு இன்னொரு முறை எண்ணுகிறாள். ஒரு வருஷமாகியும் அந்த எண்ணிக்கையை அவள் என்னை நம்பி விடவில்லை. விட வேண்டாம்.

"அம்மா, எழுதுனது போதும். நீ மொதல்ல வந்து ஒக்காரு. அப்பறம்தான் நான் தின்னுவேன்."

இதோ, உட்காரப் போகிறேன்.